சிறிய கல்லூரியில் தடய அறிவியல் படிக்கலாமா?

கேள்வி: ஐயா, இந்த ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறேன். தடய அறிவியல் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒரு சிறிய தொழில்நுட்பக் கல்லூரியில் மூன்றாண்டுத் தடய அறிவியல் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பில் மொத்தம் 24 பேர். ஆசிரியர்கள் 4 பேர். மரபணுப் பகுப்பாய்வுக் கருவி தங்களிடம் இல்லை என்று கல்லூரியிலேயே சொல்லிவிட்டார்கள். பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் படிப்புக்கும் இடம் வந்திருக்கிறது. பேர் தெரியாத கல்லூரியில் படித்தால் எந்த ஆய்வகமும் வேலைக்கு எடுக்காது என்கிறார் என் மாமா. எதில் சேருவது என்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன். வழிகாட்டுங்கள்.
- ஒரு மாணவி

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கல்லூரி எவ்வளவு சிறியது, அங்கே எந்தக் கருவி இல்லை என்பதையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் படிப்பில் வேதியியலுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், மாணவர் தம் கையால் செய்யும் செய்முறை வகுப்பு வாரத்துக்கு எத்தனை, அந்த நால்வரில் எத்தனை பேர் உண்மையான வழக்குப் பொருள்களைப் பரிசோதித்து நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர்கள் என்பவற்றை எழுதவில்லை. என் பதில் இந்த மூன்றைத்தான் சார்ந்திருக்கிறது. தடய அறிவியல் ஆய்வகத்தில் 26 ஆண்டுகள் பணியாற்றி, புதியவர்களைத் தேர்வு செய்யும் குழுவிலும் பல முறை அமர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கல்லூரியின் பெயரைப் பார்த்து நாங்கள் ஒருவரையும் நிராகரித்ததில்லை. அடிப்படை வேதியியல் தெரியாததற்காகவும், செய்த வேலையைச் சரியாக எழுதிவைக்கத் தெரியாததற்காகவும் நிராகரித்தவர்கள் நிறையப் பேர்.

முதலில் கருவியைப் பற்றிய உங்கள் கவலையைப் பார்ப்போம். மரபணுப் பகுப்பாய்வுக் கருவி இல்லாத கல்லூரி என்பதைப் பெருங்குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கருவியும் அதற்குரிய வேதிப்பொருள் தொகுப்புகளும் விலை மிகுந்தவை. அவற்றை வைத்திருக்கும் கல்லூரிகளிலும் இளநிலை மாணவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் நின்று பார்ப்பதோடு சரி. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஐஎஸ்ஓ 17025 என்ற தரக் கோட்பாட்டின்படி இயங்கும் எந்த ஆய்வகமும், தன் முறைகளில் பயிற்சி தந்து, திறன் தேர்வு வைத்து, எழுத்து மூலம் அனுமதி கொடுத்த பிறகுதான் ஒருவரிடம் வழக்குப் பொருளை ஒப்படைக்கும். கல்லூரியில் அந்தக் கருவியை நூறு முறை இயக்கியவரும் இந்தப் பயிற்சியை முதலிலிருந்து தொடங்கியாக வேண்டும். கையெழுத்து, ஆவணப் பரிசோதனைப் பிரிவில் இந்தப் பயிற்சி இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ நீள்வது வழக்கம். ஆகவே கருவியை இயக்கும் திறமையை ஆய்வகம் கற்றுத் தரும். ஆய்வகத்தால் கற்றுத் தர நேரமில்லாதவற்றை, அதாவது வேதியியல், உயிரியல், புள்ளியியல் ஆகியவற்றின் அடித்தளத்தையும், கையையும் கண்ணையும் அடக்கி வேலை செய்யும் ஒழுங்கையும், நீங்கள் கல்லூரியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

இந்தத் துறையே சிறிய இடத்தில் பிறந்ததுதான். 1910இல் பிரான்சின் லியோன் நகரில் எட்மோன் லொக்கார் தம் ஆய்வகத்தைத் தொடங்கியபோது, காவல்துறை அவருக்குக் கொடுத்தவை நீதிமன்றக் கட்டடத்தின் பரணில் இரண்டு அறைகளும் இரண்டு உதவியாளர்களும் மட்டுமே. போலி நாணயம் வார்த்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்களின் உடைகளில் ஒட்டியிருந்த உலோகத் தூளைச் சேகரித்துப் பகுத்து, அதன் கலவையை அந்த நாணயங்களின் உலோகத்தோடு ஒப்பிட்டுக் காட்டிய வேலை அங்கே நடந்தது. நுண்ணோக்கியும், வேதியியல் அறிவும், பொறுமையும் அதற்குப் போதுமானவையாக இருந்தன.

நல்ல செய்முறை வகுப்பு எப்படி இருக்கும் என்பதை ஒரே ஒரு சோதனையைக் கொண்டு விளக்குகிறேன். கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பது உங்களுக்குப் புரியும். கறை இரத்தமாக இருக்கக்கூடுமா என்று அறிய காஸ்டில்-மேயர் சோதனை என்ற ஒன்றைச் செய்வோம். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பஞ்சுக்குச்சியால் கறையை மெல்லத் தொட்டு எடுத்து, அதில் ஒரு துளி எத்தனால் விடுகிறோம். பிறகு நிறமற்ற நிலைக்கு ஒடுக்கப்பட்ட ஃபினால்ஃப்தலீன் கரைசலில் ஒரு துளி. இந்த இடத்தில் நிறுத்திச் சில நொடிகள் பார்க்க வேண்டும். இப்போதே இளஞ்சிவப்பு தெரிந்தால் அங்கே வேறேதோ ஆக்சிகரணி இருக்கிறது, இந்தச் சோதனையை நம்ப முடியாது என்று பொருள். நிறம் தெரியவில்லை என்றால் கடைசியாக ஒரு துளி ஹைட்ரஜன் பெராக்சைடு. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் வினையை விரைவுபடுத்துவதால் சட்டென்று இளஞ்சிவப்பு பரவும். அரை நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் காற்றுப் பட்டே அந்தக் கரைசல் சிவக்கத் தொடங்கிவிடும்; அந்தச் சிவப்புக்கு மதிப்பில்லை.

துளிகளின் வரிசையை மாற்றிவிட்டால் சோதனை வீண். வரிசை சரியாக இருந்து நிறம் வந்தாலும், “இது இரத்தம்” என்று எழுதக் கூடாது. சில காய்கறிகளில் உள்ள பெராக்சிடேஸ் நொதியும், செம்பு உப்புகளும் இதே நிறத்தைக் கொடுக்கக்கூடும். விலங்கின் இரத்தமும் இதே நிறத்தைத்தான் கொடுக்கும். மனித இரத்தத்தை விலங்கு இரத்தத்திலிருந்து பிரித்தறியும் முறையை 1901இல் ஜெர்மனியின் பவுல் ஊலன்ஹூத் கண்டறிந்தார். அந்த எதிர்ப்புரதச் சோதனையின் வழிவந்த முறைகளை இன்றும் தனியாகச் செய்கிறோம். எனவே முதல் சோதனைக்குப் பின் எழுதக்கூடியது, “இரத்தம் இருக்கலாம் என்பதற்கான முதல்நிலை அறிகுறி தெரிந்தது” என்ற அளவுதான். அதோடு, அன்று காலை அந்தக் கரைசலை இரத்தம் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு மாதிரியிலும், வெறும் பஞ்சுக்குச்சியிலும் சோதித்தீர்களா, கரைசலைத் தயாரித்த நாள் எது, பஞ்சுக்குச்சி எந்தப் பொட்டலத்திலிருந்து வந்தது என்பவையும் குறிப்பேட்டில் இருக்க வேண்டும்.

வெறும் பஞ்சுக்குச்சியைச் சோதிப்பானேன் என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அதற்கு ஹைல்புரோன் நகர நிகழ்வைச் சொல்வேன். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஏறத்தாழ 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் மரபணு கிடைத்துக்கொண்டே இருந்தது. ஆண்டுக்கணக்கில் அந்தப் பெண்ணைத் தேடினார்கள். 2009இல்தான் உண்மை தெரிந்தது: அது பஞ்சுக்குச்சிகளைப் பொட்டலம் கட்டும் ஆலையில் வேலை பார்த்த ஒரு தொழிலாளியின் மரபணு. குச்சிகளில் கிருமி நீக்கப்பட்டிருந்தது, மரபணு நீக்கப்படவில்லை. கிருமி நீக்கம் வேறு, மரபணு நீக்கம் வேறு என்ற பாடத்தை உலகம் இவ்வளவு விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. சான்று சேகரிக்கும் பொருள்களுக்கென்றே ஐஎஸ்ஓ 18385 என்ற தரக் கோட்பாடு 2016இல் வெளிவந்தது. பல ஆய்வகங்களில் பணியாளர்களின் மரபணுப் பதிவையே எடுத்து வைத்திருக்கிறார்கள். முடிவில் அவர்களுடைய மரபணு கலந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது உதவுகிறது. வேலைக்குச் சேரும்போது உங்களிடமும் கேட்பார்கள்.

குறிப்பேட்டைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவதற்கு என் சொந்த அனுபவமும் காரணம். பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போயிருந்தேன். சான்றுப்பொருள் இருந்த உறையைப் பற்றி என் குறிப்பேட்டில் “முத்திரை சரியாக உள்ளது” என்று மூன்றே சொற்களில் எழுதியிருந்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்டார்: எத்தனை முத்திரைகள்? எந்த நிற அரக்கு? அதில் யாருடைய அடையாளம் இருந்தது? உறையின் எந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் திறந்தீர்கள்? ஒன்றுக்கும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. என் வேதியியல் முடிவு சரியானது; இன்றைக்கும் அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் நான் பரிசோதித்த பொருள் அந்த இடத்தில் எடுக்கப்பட்ட அதே பொருள்தான் என்பதை நிலைநாட்ட வேண்டிய பதிவில் ஓட்டை விழுந்துவிட்டது. அந்த அறிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. செயின் ஆஃப் கஸ்டடி என்று நாங்கள் சொல்வது இதைத்தான்: பொருள் யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, எந்த நிலையில் கைமாறியது என்ற அறுபடாத பதிவு. அன்றிலிருந்து உறையைத் திறக்கும் முன் படம் எடுத்து, முத்திரைகளை எண்ணி, வேறொரு பக்கத்தில் கத்தரித்து, அந்த வெட்டின் மேல் என் கையொப்பத்தையும் தேதியையும் இட்டு மூடுகிறேன். இதைக் கற்பிக்க ஒரு கல்லூரிக்குத் தேவைப்படுபவை காகித உறை, ஒட்டுநாடா, கண்டிப்பான ஆசிரியர் ஆகியவையே. 24 பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவருடைய குறிப்பேட்டையும் ஆசிரியரால் பக்கம் பக்கமாகத் திருத்த முடியும். இருநூறு பேர் வகுப்பில் முடியாது. உங்கள் சிறிய கல்லூரியின் மிகப் பெரிய பலம் இதுவாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் சிறிய கல்லூரிக்கே உரிய ஆபத்தும் இருக்கிறது. நச்சியல், கைரேகை, ஆவணம், துப்பாக்கிக் குண்டு, உயிரியல், கணினித் தடயம் என்று இத்துறையின் கிளைகள் பல. நான்கு ஆசிரியர்கள் இவை அனைத்தையும் கற்பிக்கும்போது, தாம் செய்தறியாத கிளையைப் பாடநூலைப் பார்த்து ஒப்பிக்கும் நிலை வந்துவிடும். ஒவ்வொரு பருவத்திலும் புதிய பெயருடன் ஒரு தாள், ஒவ்வொன்றிலும் மேலோட்டமான வரையறைகள் என்று மூன்றாண்டுகள் ஓடிவிட்டால், முடிவில் மாணவருக்கு ஒன்றிலும் ஆழம் இருக்காது. நேர்காணலுக்கு வந்த ஒரு பட்டதாரி தடய அறிவியலின் வரலாற்றை அழகாகச் சொன்னார். மென்படல நிறப்பகுப்பில் ஒரு பேனா மையைப் பிரித்து, புள்ளி நகர்ந்த தூரத்தைக் கரைப்பான் நகர்ந்த தூரத்தால் வகுத்து ஆர்எஃப் மதிப்பைக் கணக்கிடச் சொன்னபோது அவரால் முடியவில்லை. மூன்றாண்டுகளில் ஒரு முறைகூட அதைத் தம் கையால் செய்ததில்லையாம். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருடைய மூன்றாண்டுகளை வாங்கிக்கொண்ட பாடத்திட்டத்தின் மேல்தான் வருத்தம்.

பாடத்திட்டத்தில் நீங்கள் தேட வேண்டிய இன்னொன்று புள்ளியியல். மாணவர்கள் பெரும்பாலும் விரும்பாத பாடம் இது. ஆனால் நிரபராதி ஒருவர் சிறைக்குப் போவதைத் தடுக்கும் பாடமும் இதுதான். ஒரு கணக்கைப் பாருங்கள். குற்ற இடத்தில் கிடைத்த சிதைந்த மாதிரியின் மரபணு அமைப்பு பத்து லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் பொருந்தும் என்று வைத்துக்கொள்வோம். பிடிபட்டவருக்கு அது பொருந்துகிறது. “அப்படியானால் இவர் குற்றமற்றவராக இருக்கப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு” என்று யாராவது வாதிட்டால் கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் 50 லட்சம் பேர் வாழும் நகரத்தில் அந்த அமைப்பு ஏறத்தாழ ஐந்து பேருக்குப் பொருந்தக்கூடும். வேறு சான்று எதுவும் இல்லாவிட்டால் பிடிபட்டவர் அந்த ஐவரில் ஒருவர், அவ்வளவே. பொருத்தம் எவ்வளவு அரிது என்பதும், ஒருவர் குற்றம் செய்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதும் வெவ்வேறு கேள்விகள். இந்த வேறுபாட்டைச் சாட்சிக் கூண்டில் நின்று எளிய சொற்களில் விளக்கத் தெரியாத நிபுணர், தம் அறிவியல் சரியாக இருந்தும் தீங்கு செய்துவிடுவார். அமெரிக்காவில் மரபணு ஆய்வகங்களுக்கான எஃப்.பி.ஐ.யின் தரக் கோட்பாடுகள் உயிர்வேதியியல், மரபியல், மூலக்கூறு உயிரியல் ஆகியவற்றோடு புள்ளியியலையும் ஆய்வாளரின் படிப்பிலோ பயிற்சியிலோ எதிர்பார்ப்பது இதனால்தான்.

ஆசிரியர்கள் இந்தத் துறையின் தவறுகளைப் பற்றியும் பேசுகிறார்களா என்று விசாரியுங்கள். 2004இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு கைரேகை, அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு வழக்கறிஞருடையது என்று அனுபவம் மிக்க எஃப்.பி.ஐ. நிபுணர்கள் அடையாளம் சொன்னார்கள். பின்னர் ஸ்பெயின் காவல்துறை அது வேறொருவருடையது என்று கண்டறிந்தது. வழக்கறிஞரை விடுவித்து மன்னிப்புக் கேட்டார்கள். முதலாமவர் சொன்ன முடிவை அறிந்த பின் அடுத்தவர் சரிபார்த்தது அந்தத் தவறுக்கு ஒரு காரணம். 2009இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட அறிக்கை, மரபணு ஆய்வைத் தவிர வேறெந்த முறையும் ஒரு சான்றைக் குறிப்பிட்ட ஒரு தனிமனிதரோடு உறுதியாக இணைக்கும் திறன் கொண்டதென்று கடுமையாக நிறுவப்படவில்லை என்று எழுதியது. இவற்றையெல்லாம் மறைத்து, “தடயம் பொய் சொல்லாது” என்று மட்டும் கற்பிக்கும் வகுப்பு உங்களுக்கு நல்லதல்ல. தடயம் பொய் சொல்லாமல் இருக்கலாம். அதைப் படிப்பவர் தவறலாம்.

உங்கள் மாமாவின் கவலையை நான் ஒதுக்கவில்லை. இத்துறையில் பணியிடங்கள் குறைவு. பட்டம் பெறுவோர் எல்லாருக்கும் தடய ஆய்வகத்தில் இடம் கிடைப்பதில்லை. மேலும் சில ஆய்வகங்கள் வேலை அறிவிப்பில் வேதியியல் அல்லது உயிரியல் பட்டத்தையே கேட்கின்றன. தடய அறிவியல் பட்டம் அதற்கு ஈடாகக் கொள்ளப்படுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். நீங்கள் வேலை பார்க்க விரும்பும் ஆய்வகங்களின் பழைய அறிவிப்புகள் நான்கைந்தை எடுத்து, கல்வித் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். கல்லூரியின் பட்டத்துக்கு உரிய அரசு அல்லது பல்கலைக்கழக ஏற்பு இருக்கிறதா என்பதையும் ஆவணமாகவே பாருங்கள். அமெரிக்காவில் ஃபெபாக், பிரிட்டனில் சார்ட்டர்டு சொசைட்டி ஆஃப் ஃபாரன்சிக் சயின்சஸ் போன்ற அமைப்புகள் தடய அறிவியல் படிப்புகளைச் சோதித்து ஏற்பளிக்கின்றன. அத்தகைய ஏற்பு இருந்தால் நல்லது. வேதியியல் அடித்தளம் திடமாக இருந்தால் மருந்துத் தரக் கட்டுப்பாடு, உணவு, நீர் பரிசோதனை போன்ற ஆய்வகங்களின் கதவுகளும் திறந்திருக்கும் என்பதை மாமாவிடம் சொல்லுங்கள். கணினித் தடயத்தில் நாட்டம் இருந்தால், அசல் வட்டில் ஒரு பிட்டும் மாறாதபடி ரைட் பிளாக்கர் என்ற, வட்டில் எதையும் எழுத விடாமல் தடுக்கும் கருவி வழியாக நகலெடுத்து, அசலுக்கும் நகலுக்கும் ஹேஷ் மதிப்பை, அதாவது தரவிலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்ணை, ஒப்பிட்டுக் காட்டும் பயிற்சியைச் சாதாரணக் கணினியிலேயே பெறலாம். அதற்கும் கல்லூரி பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் உங்கள் வயதுக்கு இப்போதே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் மேசைக்கு வரும் பொருள்கள் யாரோ ஒருவருடைய துயரத்திலிருந்து வருபவை. ஒரு குழந்தையின் சட்டையைப் பிரித்து விரித்துக் கறைகளுக்கு எண் போட வேண்டிய நாள் வரும். அன்று கை நடுங்கினால் அது குறையில்லை. ஆனால் அந்த எண்களைப் பிழையில்லாமல் போட வேண்டும். இந்த வேலை உங்களால் முடியுமா என்பதை எந்தக் கல்லூரியும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. துறையில் இருப்பவர்களோடு பேசிப் பாருங்கள்.

இனி என் முடிவு. சேர்வதற்கு முன் கல்லூரிக்கு ஒரு செய்முறை வகுப்பு நாளில் செல்லுங்கள். திறப்பு நாள், விளம்பர நாள் வேண்டாம். துறைத் தலைவரிடம் அனுமதி பெற்று, இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் குறிப்பேட்டை வாங்கிப் பாருங்கள். அடித்த எழுத்துகள் ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு அருகில் கையொப்பமும் தேதியும் இருக்கின்றனவா? தோற்றுப்போன சோதனைகளும் எழுதப்பட்டிருக்கின்றனவா? ஆசிரியரின் சிவப்பு மை ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறதா? எல்லா மாணவர் குறிப்பேட்டிலும் ஒரே முடிவு, ஒரே வாக்கியங்களில் இருந்தால் அவர்கள் சோதனை செய்யவில்லை, பார்த்து எழுதியிருக்கிறார்கள். பிறகு பாடத்திட்டத்தை எடுத்து, வேதியியல், உயிரியல், புள்ளியியல் மணிகளைக் கூட்டிப் பாருங்கள். மொத்தப் படிப்பில் பாதிக்குக் குறையாமல் அவை இருந்து, குறிப்பேடுகளும் நான் சொன்னபடி இருந்து, நால்வரில் ஒருவராவது வழக்குப் பணி செய்தவராக இருந்தால், தயங்காமல் அந்தச் சிறிய கல்லூரியிலேயே சேருங்கள். விடுமுறைகளில் ஏதேனும் ஒரு பரிசோதனை ஆய்வகத்தில் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள்.

அடிப்படை அறிவியல் மணிகள் மிகக் குறைவாக இருந்தால், வருத்தத்தோடு சொல்கிறேன், வேதியியல் படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தடய அறிவியலை முதுநிலையில் படிக்கலாம். அப்படி வந்தவர்கள் என் ஆய்வகத்தில் பாதிப் பேருக்கு மேல். வேதியியலைப் பின்னால் படித்துக்கொள்ளலாம் என்று வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு அந்தப் பின்னால் வரவே இல்லை.

குறிப்பேட்டைப் பார்த்து வந்த பிறகும் ஐயம் இருந்தால், பாடத்திட்டத்தின் நகலோடு மீண்டும் எழுதுங்கள். தாள் தாளாகப் பார்த்து என் கருத்தைச் சொல்கிறேன்.